இளநீர் குடித்த கார்

எங்கள் கடுக்காய்ப்பட்டியில் கனமாக இருந்ததெல்லாம் லேசாகிப்போனது ஆயுத பூசைக்கு மறுநாள் காலையில்; அதை முதலில் கண்டது கிணற்றடியில் ராட்டினம் இழுத்த பெண்கள்தான் என்று சிலரும், இல்லை இல்லை, கோதுமை மூட்டையை ஒற்றைக் கையால் தூக்கிவிட்டு அப்படியே நின்ற ரேஷன்கடை இளங்கோதான் என்று சிலரும் இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள், ஆனால் அந்தக் கனமெல்லாம் எங்கே போனது என்று அன்றைக்கு யாரும் தேடவில்லை, தலைச்சுமை தானாக இறங்கினால் அது எந்தப் பக்கம் போச்சு என்று நின்று விசாரிக்கிற பழக்கம் எங்கள் மலையில் கிடையாது. எனக்குத்தான் தெரியும். அது என் காரின் ஸ்டியரிங்கில் போய் உட்கார்ந்துகொண்டது.

கார் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டிய சின்னக் கார், எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டித் தேய்த்தது. என் வீட்டுக்காரர் தினகரன் போர்வெல் லாரியில் வேலை பார்க்கிறார், வருசத்தில் பத்து மாதம் சத்தீஸ்கரில் ஏதாவது ஒரு பொட்டல் காட்டில் பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பார், அவர் எனக்கு அதை வாங்கிக் கொடுத்தது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல, எங்கள் மகள் மிதுனாவின் இடது பாதத்துக்காக. பிறக்கும்போதே அந்தப் பாதம் உள்பக்கமாக மடங்கி, உள்ளங்கால் வானத்தைப் பார்த்தபடி இருந்தது. கீழே டவுன் ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமை மட்டும் வருகிற எலும்பு டாக்டரம்மா, "பயப்படாதம்மா, வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பி மாவுக்கட்டுப் போட்டா நேராயிடும். ஆனா ஒரு வாரம் தவறினாலும் பாதம் பழைய இடத்துக்கே போயிடும், மறுபடி முதல் கட்டுலேருந்துதான்" என்று சொல்லியிருந்தார். எங்கள் மலைக்கும் அந்த ஆஸ்பத்திரிக்கும் நடுவில் நாற்பத்தெட்டு கொண்டை ஊசி வளைவுகள். டாக்டரம்மா என் மகளின் பாதத்தை ஒரு தடவை திருப்புவதற்கு நான் காரை நாற்பத்தெட்டுத் தடவை திருப்ப வேண்டும், அதுதான் ஏற்பாடு.

எங்கள் ஊர் ஆயுத பூசை வெளிப்பக்கம் பொட்டு வைத்து முடிகிற பூசை அல்ல. உழைக்கிற இடம் எதுவோ அதற்குத்தான் மரியாதை: அரிவாளென்றால் பிடியைக் கழற்றி உள்ளே இருக்கிற காம்புக்குச் சந்தனம், மாவு மிசின் என்றால் பெல்ட்டை இறக்கி உள்சக்கரத்துக்கு மஞ்சள், எல்லாவற்றுக்கும் மேலே இளநீர் அபிஷேகம். ஊரில் முதல் கார் என்பதால் அன்று என் வாசலில் கூட்டம். "பானட்டைத் தூக்கு புள்ள, சாமி உள்ளதான இருக்குது" என்றார்கள், நானும் சிரித்துக்கொண்டே தூக்கினேன், நாலு இளநீரை வெட்டி, என் மகள் காலுக்கு நல்லது நடக்கட்டும், ஊரும் நல்லா இருக்கட்டும் என்று நானேதான் என் கையால் பேட்டரி மேலும் ஒயர் மேலும் போல்ட்டு மேலும் ஊற்றினேன். இதில் இன்னொருத்தரைக் குறை சொல்ல வழியில்லை.

மறுநாள் எல்லாம் லேசாகிவிட்டது. தராசில் வைத்தால் மூட்டை அதே ஐம்பது கிலோதான் காட்டியது, கைக்குத்தான் அது பஞ்சுத் தலையணை. காபிப்பழத்தின் தோலை உரிக்கிற மிசினின் கைப்பிடியை மூன்று வயசுப் பிள்ளைகள் விளையாட்டாகச் சுற்றின, பள்ளிக்கூட வாசலில் எல்லார் முட்டியையும் பெயர்த்துக்கொண்டிருந்த பாறையைச் சத்துணவு சமைக்கிற அம்மா இடுப்பில் கை வைத்தபடி காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு உலைக்கு அரிசி போடப் போனார், கதவைப் பழைய பலத்தில் சாத்தியவர்கள் நிலையோடு பெயர்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு நாளில் ஊர் பழகிக்கொண்டது. யாரும் யாரையும் "ஒரு கை புடி" என்று கூப்பிடுவது நின்றது, அதில் கொஞ்சம் பேச்சும் நின்றது, ஆம்பிளைகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு வர ஆரம்பித்தார்கள், "இத்தன நாளு எந்தப் பக்கம் சுளுக்கிக்கிட்டு இருந்துச்சு?" என்று பெண்கள் கேட்டார்கள். எல்லாம் ஊருக்குள்தான். முதல் வளைவில் இருக்கிற மைல்கல்லைத் தாண்டிக் கால் வைத்தால் மூட்டை மறுபடி மூட்டைதான், அதனால் மைல்கல்லுக்கு இந்தப் பக்கம் தலையில் ஏற்றியவர்கள் அந்தப் பக்கம் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்த கதையும் நடந்தது.

என் எதிர்வீடு தங்காயி அக்காவுடையது. அவள் புருசன் சடையப்பன் மாமா மூன்று வருசத்துக்கு முன்னால் மிளகு பறிக்கும்போது சவுக்கு மரத்து உச்சியிலிருந்து விழுந்தவர், உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, வலது கை மட்டும் தோளிலிருந்து ஈரத்துணி போலத் தொங்கிக்கொண்டிருந்தது, இடது கை எதைப் பிடித்தாலும் நடுங்கும். அன்றிலிருந்து மூன்று வேளையும் அக்காதான் ஊட்டுவாள், மாமா அவள் முகத்தைப் பார்க்காமல் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறப்பார். கனம் போன அந்தக் காலையில் அவர் வாசல்படியில் உட்கார்ந்து, வலது கையைத் தட்டில் வைத்து, பிசைந்து, உருட்டி, வாயில் போட்டுக்கொண்டார். அக்கா இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள், "காரம் போதுமா?" என்று கேட்டாள், அன்று அவர் மத்தியானத்துக்குள் நாலு தடவை சாப்பிட்டார்.

அந்த வாரத்து வியாழக்கிழமைதான் எனக்கு விசயம் தெரிந்தது. ஐந்தாவது கட்டுக்கு நாள். பின் சீட்டில் தங்காயி அக்கா மிதுனாவை மடியில் போட்டுக்கொண்டாள், ஒவ்வொரு வாரமும் அவள்தான் துணைக்கு வருவாள், புருசனுக்குக் காலைச் சோறு ஊட்டி வாய் துடைத்துவிட்டு ஓடிவருகிறவள் அன்றைக்கு நிதானமாகப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். நான் சாவியைப் போட்டேன். மீட்டருக்குள் ஒரு மஞ்சள் விளக்கு, ஒரு ஸ்டியரிங் படம், பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி; அந்த வாரம் முழுக்க எங்கள் ஊரில் ஆச்சரியப்பட்டது அது ஒன்றுதான். ஸ்டியரிங்கைத் திருப்பினால் அசையவில்லை. ஊரே பஞ்சாகிக் கிடக்க, அது மட்டும் கிணற்றுக்குள் விழுந்த ஆட்டுரல் மாதிரி இருந்தது.

வண்டி நகர ஆரம்பித்தால் கொஞ்சம் இளகும், ஆனால் வளைவில் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும், வேகம் குறையக் குறைய அது இறுகும், எங்கே எனக்கு ரொம்பத் தேவையோ அங்கேதான் அது முரண்டு பிடிக்கும். மணிக்கட்டு வீங்கி, உள்ளங்கை சிவந்து எப்படியோ இறங்கிவிட்டோம். அடிவாரத்து மெக்கானிக் சக்கரத்தை இரண்டு உதை உதைத்து, ஸ்டியரிங்கை இரண்டு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டு, "மோட்டார் போச்சுங்க்கா. ஸ்டியரிங் கம்பத்தோட சேத்து மாத்தணும். சாமான் கோயம்புத்தூர்லேருந்து வரணும், இருபது நாளாவும்" என்றான்.

"எண்ணெய் கிண்ணெய் குறைஞ்சிருக்குமா தம்பி?"

"இது எண்ணெய்ல ஓடுறது இல்லக்கா, கரண்டு. நீங்க திருப்புறதை மோட்டார் தெரிஞ்சுக்கிட்டு கூட ஒரு கை போடும். இப்ப அந்தக் கை இல்ல."

இருபது நாள் என்றால் இரண்டு வியாழக்கிழமை. அடுத்த வியாழன் ஆறாவது கட்டு, அதற்கடுத்த வியாழன் குதிகால் நரம்பில் ஊசிமுனை அளவு கீறிவிட்டுப் போடுகிற கடைசிக் கட்டு.

ஆறாவது கட்டுக்குப் போனது மழையில். முந்தின நாள் பதினொன்றாவது வளைவில் பாதி ரோடு சரிந்து பஸ் நின்றுபோயிருந்தது, சின்ன வண்டி மட்டும் ஒட்டி ஒட்டிப் போகலாம், எங்கள் ஊரில் வேறு நாலு சக்கரம் கிடையாது, மிளகு ஏற்றுகிற ஜீப் தைக்கு மேல்தான் மலை ஏறும். பத்தொன்பதாவது வளைவில் ஸ்டியரிங் பாதியில் நின்றுவிட்டது. கண்ணாடிக்கு முன்னால் ரோடு இல்லை, மேகம் மட்டும் இருந்தது. நான் பிரேக்கை மிதித்துக்கொண்டு தொங்கினேன், தங்காயி அக்கா குழந்தையை ஒரு கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின் சீட்டிலிருந்து எட்டி, இன்னொரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, உரலில் மாட்டிய உலக்கையை இழுப்பது போல இழுத்தாள், இருவருமாக இழுத்து இழுத்துச் சக்கரத்தை ரோட்டுக்குத் திருப்பினோம். மிதுனா "ங்கா" என்றாள்.

மீண்டும் ஒரு தடவை அப்படி ஓட்டக் கூடாது என்று முடிவு செய்தேன். ஆனால் கட்டுக்குள் குழந்தையின் பாதம் இருக்கிறதே, அது காத்திருக்காது. மாவுக்கட்டின் நுனியில் பட்டாணி மாதிரி ஐந்து விரல் வெளியே தெரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஐந்தும் முழுதாகத் தெரிந்தது, திங்கட்கிழமை நகம் வரைதான் தெரிந்தது, கட்டு தளர்ந்து கால் உள்ளே போய்க்கொண்டிருந்தது. உடம்பு துடைத்துவிடும்போதும் பால் கொடுக்கும்போதும் நான் விரலை எண்ணிக்கொண்டே இருந்தேன், எண்ணினால் கூடுமா என்ன, இருந்தாலும் எண்ணினேன். செவ்வாய்க்கிழமை காலையில் சத்தீஸ்கருக்குப் போன் போட்டேன்.

"சத்தமாப் பேசுங்க, ஒண்ணும் கேக்கல. மொதல்ல அந்தத் தொளை போடற ரிக்கை நிறுத்துங்க."

"ரிக்கை நிறுத்தினா ஓனர் என்னை நிறுத்திருவாரு. சொல்லு பூமதி, டயர்ல காத்து?"

"முப்பத்திரண்டு இருக்குது."

"ஃபியூசு?"

"கழட்டிப் பாத்துட்டேன், அறுந்து போகல."

"பேட்டரி?"

"ஒயர்மேன் அண்ணன் மீட்டர் வெச்சுப் பாத்துச்சு. சும்மா இருக்கும்போது பன்னெண்டரை, ஓடும்போது பதினாலு."

"முன்சக்கரத்தைத் தரையிலேருந்து தூக்கிட்டுத் திருப்பிப் பாத்தியா?"

"பாத்தேன். தங்காயி அக்கா தூக்கிப் புடிச்சுது."

"எதை?"

"காரைத்தான். ரசத்துக்குப் புளி கரைச்சிட்டு வந்த கையோட தூக்குச்சு. இங்க இப்ப எல்லாம் லேசுதானுங்க."

"சரி. சக்கரம் தடையில்லாம ஆடுச்சா?"

"ஆடுச்சு. ரெண்டு பக்கமும்."

"அப்ப போற வழியில எங்கயும் மாட்டிக்கல, ஒத்தாசைதான் வந்து சேரல. மோட்டாரைக் குறை சொல்றதுக்கு முன்னாடி எர்த்தைப் பாரு. கரண்டு போற ஒயரை எல்லாரும் பாப்பாங்க, அது திரும்பி வர்ற ஒயரை ஒருத்தனும் பாக்கமாட்டான். பரண்ல பழைய ரிக் கேபிள் ஒரு துண்டு கிடக்கும். ஒரு நுனியை பேட்டரி மைனஸ்ல வெய்யி, இன்னொரு நுனியை ஸ்டியரிங்கோட எர்த் போல்ட்டு ஓரமா, பெயிண்ட் இல்லாத இரும்புல அழுத்திக் கட்டு. சாவியை ஒரு தடவை அணைச்சுப் போடு. லேசாச்சுன்னா அதுதான் கோளாறு."

பேட்டரிக்குக் கீழே, பக்கத்துத் தகட்டில் அந்தப் போல்ட்டு இருந்தது. பெரியதொன்றும் இல்லை, சுண்டுவிரல் நகம் அளவு. அதைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பூத்து, அதன் மேல் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒரு சின்னச் சாமி மாதிரி உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது, பிறகுதான் நான்காவது இளநீரை எந்த இடத்தில் சாய்த்தேன் என்பது ஞாபகம் வந்தது.

கேபிளைக் கட்டினேன், சாவியை அணைத்துப் போட்டேன், மஞ்சள் விளக்கு எரிந்து, யோசித்து, அணைந்தது. ஸ்டியரிங்கை ஒரு விரலால் தொட்டேன், தண்ணீரில் தட்டு திரும்புவது போலத் திரும்பியது. அதே நொடியில் எதிர்வீட்டு வாசல்படியில் சாப்பாட்டுத் தட்டு கவிழ்ந்த சத்தம் கேட்டது, கிணற்றடியில் ராட்டினம் கத்தியது, மேட்டுத் தெருவில் யாரோ "ஐயோ முதுகு" என்றார்கள். எட்டிப் பார்த்தால் சடையப்பன் மாமாவின் வலது கை சிந்திய சோற்றுக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. நான் கேபிளை எடுத்தேன். கை எழுந்தது. மறுபடி கட்டினேன், கை விழுந்தது. எடுத்தேன், எழுந்தது. மூன்றாவது தடவை நான் கட்டியது கோளாறைத் தெரிந்துகொள்ள அல்ல, அது எனக்கு முன்னமே தெரிந்துவிட்டது, இரண்டில் ஒன்றாவது பொய்யாக இருக்கட்டும் என்றுதான் கட்டினேன். வாசலில் மிதுனாவை வைத்துக்கொண்டு நின்ற தங்காயி அக்கா என் கையையும் பார்த்தாள், எதிர்வீட்டையும் பார்த்தாள்.

"போதும் பூமதி," என்றாள். "அவரு சோறு திங்கறாரு." நான் கேபிளை எடுத்துச் சுருட்டி வைத்தேன்.

ஊர் ரகசியம் தாங்காது. மூன்று தடவை மூட்டையோடு விழுந்தவர்களும் குடத்தோடு நனைந்தவர்களும் புதன்கிழமை மத்தியானம் ரேஷன்கடை முன்னால் கூடிவிட்டார்கள், யாருக்கும் என் மேல் கோபமில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது, எல்லாரும் மிதுனாவை வாங்கிக் கொஞ்சி, விரலை எண்ணிப் பார்த்து, "நாலுதான் தெரியுது" என்று ஒருத்தரும், "ஓரமா அஞ்சாவது எட்டிப் பாக்குது பாரு" என்று ஒருத்தரும் சொல்லிவிட்டு, பிறகு ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பைக்கில் கூட்டிப்போகலாம் என்றார்கள், மழையில் கட்டு நனைந்து கரைந்துவிடும். பத்துப் பேர் காருக்கு முன்னால் நடந்து, வளைவுக்கு வளைவு முன்பக்கத்தைத் தூக்கித் திருப்பி வைக்கிறோம் என்றார்கள், மைல்கல்லைத் தாண்டினால் அந்தப் பத்துப் பேருக்கும் பழைய முதுகுதான் என்பதை இன்னொருத்தர் ஞாபகப்படுத்தினார். இருபது நாளில் புது மோட்டார் வருகிறதே, அதுவரை பொறுத்தால் என்ன என்று ஒருத்தி மெதுவாகக் கேட்டாள், கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் குழந்தையின் சட்டை நாடாவை முடிந்துவிட்டாள்.

கடைசியில் இளங்கோதான் பில் போடுகிற மேசையைத் தட்டினான். "எதுக்கு இத்தனை பேச்சு? அது ஒரு போல்ட்டுதான? காலையில முறுக்குவோம், அக்கா போயிட்டு வரட்டும், சாயங்காலம் கழட்டி விட்டுடுவோம். வெறும் பத்தாம் நம்பர் ஸ்பேனர் வேலை!"

ஊர் ஒரே மூச்சாகச் சிரித்தது, இது ஏன் நமக்குத் தோணவில்லை என்று ஒருத்தர் முதுகில் ஒருத்தர் தட்டிக்கொண்டார்கள், எல்லாம் லேசு என்பதால் தட்டின தட்டில் இரண்டு பேர் கடைக்குள் போய் விழுந்தார்கள். சடையப்பன் மாமா மட்டும் மண்ணெண்ணெய் பீப்பாயில் சாய்ந்து, தன் வலது கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்துக்கொண்டிருந்தார்.

"சாயங்காலம் கழட்டினா வந்துருமாடா?" என்றார்.

"வராம எங்க போவும் மாமா?"

"மரத்துலேருந்து விழுந்தப்பவும் டாக்டரு இப்படித்தான் சொன்னான், எங்க போவும், வந்துரும்னு." அவர் சிரித்தார். எல்லாரும் அதற்குள் கலைந்து போக ஆரம்பித்திருந்தார்கள், இருக்கிற கொஞ்ச நேரத்துக்குள் விறகு பிளக்கவும் உரலை இடம் மாற்றி வைக்கவும் ஆளாளுக்கு வேலை இருந்தது, அன்று பொழுது சாயும் வரை ஊரில் கனமான பொருள் ஒன்றுகூட இருந்த இடத்தில் இருக்கவில்லை.

நான் வீட்டுக்கு வந்து இட்லிக்கு மாவு எடுத்து வைத்தேன், ஆஸ்பத்திரிச் சீட்டையும் துணிகளையும் பையில் அடுக்கினேன், அடுக்கியதை எடுத்து மறுபடி அடுக்கினேன். கேபிளைக் கட்டிக்கொண்டே போய்விடலாமா என்றும் பார்த்தேன், அது நாற்பத்தெட்டு வளைவின் குலுக்கலுக்கு நிற்காது, பாதி வளைவில் கழன்றால் அந்த மேகம்தான். போல்ட்டைக் கழற்றி, களிம்பைச் சுரண்டி, இறுக்கி முடுக்கியே ஆக வேண்டும். ஐந்து நிமிச வேலை. அந்த ஐந்து நிமிசத்தை எந்த முகத்தோடு செய்வது என்றுதான் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு மழை விட்டிருந்தது. நான் பானட்டைத் தூக்கி நிறுத்தி ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தபோது சடையப்பன் மாமா வந்தார், ஸ்பேனர் அவர் வலது கையில் இருந்தது, இடுப்பில் உப்புத்தாள் சொருகியிருந்தது.

"தள்ளு புள்ள."

"மாமா, நானே..."

"நீ ஒண்ணும் புடுங்க வேணாம். களிம்பு ஏறின போல்ட்டு தலை வழுக்கிடும். ஒன் புருசன் ரிக்ல ஆயிரம் போல்ட்டு கழட்டுவான், ஒனக்குக் கழட்டத் தெரியுமா? அந்த டார்ச்சைப் புடி."

நான் டார்ச்சைப் பிடித்தேன். அவர் சந்தனப் பொட்டை நகத்தால் வழித்து நெற்றியில் வைத்துக்கொண்டார், ஸ்பேனரைப் பொருத்தினார், அவசரமே இல்லாமல் கழற்றினார். கம்பியின் வளையத்தை உப்புத்தாளில் தேய்த்தார், தகட்டைத் தேய்த்தார், ஊதினார், மறுபடி தேய்த்தார், செம்பு சிவப்பாகத் தெரிகிற வரை தேய்த்தார், தெரிந்த பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் மணி பார்க்கவில்லை. பார்த்தால் அவருக்குத் தெரிந்துவிடும் என்று, மூச்சைக் கூட மெதுவாகத்தான் விட்டேன். பிறகு போல்ட்டை விரலாலேயே ஏற்றினார், ஸ்பேனரைப் போட்டு ஒரு சுற்று, இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில் அவர் முழங்கை நடுங்கியது. செம்பு இரும்பைக் கவ்வக் கவ்வ அவர் தோளிலிருந்து பலம் வடிவது டார்ச் வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு இழுப்பு இழுத்தார், ஸ்பேனர் போல்ட்டிலேயே மாட்டிக்கொண்டிருக்க, கை மட்டும் அதிலிருந்து நழுவி இறங்கி, வேட்டியின் ஓரத்தில் போய்த் தொங்கியது.

"இன்னும் அரைச் சுத்து இருக்குது," என்றார். "அது நீதான்."

நான் ஸ்பேனரைப் பிடித்தேன். அதில் அவர் கைச்சூடு இருந்தது. அப்போதுகூட அவர் கை முழுதாகச் செத்திருக்கவில்லை, விரல் நுனிகள் கொஞ்சம் அசைந்துகொண்டிருந்தன, அந்த அரைச் சுற்றை நான் விட்டுவிட்டால் அந்த விரல்களாவது அவருக்கு மிஞ்சும் என்று எனக்குத் தெரியும், அரைச் சுற்று தளர்ந்த போல்ட்டு எத்தனையாவது வளைவில் கழன்று ஆடும் என்பது மட்டும் தெரியாது. முடுக்கினேன். இதற்கு மேல் முடியாது என்கிற வரைக்கும் முடுக்கினேன். கிணற்றடியில் ராட்டினம் கத்தியது, மேட்டுத் தெருவில் யாரோ எதையோ தொப்பென்று கீழே வைத்தார்கள், ஊர் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது.

அன்று சாயங்காலமே இளங்கோ அந்தப் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தான், கழற்றியும் பழைய லேசு திரும்பி வராததால் ஊரே ஆளுக்கொரு இளநீரோடு வந்து ஊற்றிப் பார்த்தது, களிம்பு மட்டும்தான் வந்தது, வேறொன்றும் வரவில்லை, நான் இரண்டு நாள் கழித்துச் சுரண்டி மறுபடி முடுக்கினேன். அதெல்லாம் பிறகு. அப்போது எனக்கு முன்னால் இருந்தது நாற்பத்தெட்டு வளைவுகளும், பத்தரைக்கெல்லாம் எழுந்து போய்விடுகிற டாக்டரம்மாவும்தான்.

தங்காயி அக்கா கொஞ்சம் தாமதமாக வந்தாள், பின் சீட்டில் ஏறி மிதுனாவை வாங்கிக்கொண்டாள், கட்டின் நுனியைப் பார்த்து, "மூணு விரல் இருக்குது, ஓட்டு" என்றாள். மஞ்சள் விளக்கு எரியவில்லை. மைல்கல்லைத் தாண்டினோம், சரிந்த ரோட்டில் ஒட்டிப் போனோம், பத்தொன்பதாவது வளைவில் மேகம் இருந்த இடத்தில் வெயில் இருந்தது. கார் பூனை மாதிரி திரும்பியது. வழக்கமாக அக்கா வளைவுக்கு வளைவு பேசுவாள், யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கு யார் மேல் வருத்தம் என்று நாற்பத்தெட்டுக்கும் விசயம் வைத்திருப்பாள். அன்று பேசவில்லை. கண்ணாடியில் அவளைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, ரோட்டைப் பார்க்கிற சாக்கில் ரோட்டையே பார்த்தேன்.

முப்பத்தொன்பதாவது வளைவு தாண்டியதும் அவளாகச் சொன்னாள்.

"காலையில ஒன்கிட்ட வர்றதுக்கு முன்னாடி அவரே தலை சீவிக்கிட்டாரு."

"ம்."

"மூணு வருசமா நான்தான சீவி விடுறேன். இன்னிக்கு என்னைத் தள்ளச் சொல்லிட்டு கண்ணாடி முன்னால நின்னாரு. அரை பாட்டில் எண்ணெய், நெத்தியெல்லாம் வழியுது. வகிடு எடுத்தாரு பாரு, இங்க ஆரம்பிச்சு காதுக்கு மேல போய் நிக்குது. கோணலு."

நான் கியரைக் குறைத்தேன். அடுத்த வளைவு தெரிந்தது.

"சரி பண்ணிட்டு வந்தீங்களாக்கா?"

"இல்ல," என்றாள். "அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டு வந்தேன். காத்து அடிச்சுக் கலைஞ்சிரும், வெளிய உக்காராதீங்கன்னு சொல்லியிருக்கேன்."

வளைவு வந்தது. ஒரு விரல் போதும் என்று இருந்த ஸ்டியரிங்கை நான் இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினேன்.